கத்திக்கு முந்திய ஒரு மணி நேரம்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவிலிருந்து குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ பிரசவத்துக்கோ அடிவாரத்துக்கு வந்து, ஆபரேஷன் முடிந்து, தையலோடு மறுபடியும் மலைக்குத் திரும்ப இருக்கும் ஒரு தொழிலாளிக்கு, அவருடைய காயம் சீழ் பிடிக்காமல் இருக்கும்பொருட்டு எத்தனை நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்டால், ஐந்து நாள் என்றோ ஏழு நாள் என்றோ விடை சொல்கிறவர்கள் ஜனங்களிடையே மட்டுமன்றி வைத்தியர்களிடையேயும் பலர் உண்டு. விஞ்ஞானம் சொல்லும் விடை வேறு. முன்கூட்டித் திட்டமிட்டு, கிருமி நோய் இல்லாத உடம்பில் செய்யப்படும் ஆபரேஷன்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஒரு வேளைக்குக்கூட இல்லை. கொடுக்க வேண்டியதெல்லாம், கத்தி தோலைத் தொடுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயில் செலுத்தப்படும் ஓர் ஊசி மருந்தேயாகும். அந்த ஓர் ஊசி தவறினால் பின்னால் கொடுக்கும் எழுபது மாத்திரைகளும் அதற்கு ஈடாக மாட்டா. அந்த ஓர் ஊசி சரியான வேளையில் விழுந்துவிட்டால் பின்னால் கொடுக்கும் மாத்திரைகளுக்கு வேலையே இல்லை.

இந்த விடையை ஏற்க மனம் தயங்குவதற்கு, போடியைப் போன்ற ஓர் ஊரில், மதிக்கத்தக்க காரணம் ஒன்று இருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்தால் பெயர்பெற்ற இந்த ஊர் மலையடிவாரத்தில் இருப்பினும், காய் விளையும் தோட்டங்களில் பெரும்பாலானவை போடிமெட்டுக்கு அப்பால், பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி என்று இடுக்கி மாவட்டத்துக்குள் விரிந்து கிடக்கின்றன. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிச் சென்று, களையெடுத்தும் காய் பறித்தும், பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகிற பெண்களும், தோட்டத்து லயன் வீடுகளிலேயே தங்கிவிடுகிற குடும்பங்களும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஆபரேஷன் காயம் சிவந்து நீர் கசியத் தொடங்கினால், அவர் ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு வருகிறவருடைய கூலியையும் விட்டு, மழையானாலும் பனியானாலும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, போடி அரசு மருத்துவமனைக்கோ, தேனிக்கு அப்பால் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வந்து சேர வேண்டும். ஆகையால், 'மலைக்குப் போகிற ஆள், எதற்கும் ஒரு வாரத்துக்கு எழுதிவிடுவோம்' என்று ஒரு வைத்தியர் நினைப்பதில் அலட்சியம் இல்லை, கருணையே இருக்கிறது. அந்தக் கருணை எந்த வழியில் சென்றால் நோயாளிக்குப் பிரயோஜனப்படும் என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில், ஆபரேஷன் காயத்துக்குள் கிருமி எப்போது நுழைகிறது, எங்கிருந்து நுழைகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் காயம் சீழ் பிடிப்பதை வைத்தியர்கள் குணமாவதன் ஒரு படியாகவே கருதி வந்தனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் காயங்களில் பிரயோகித்து, சீழ் என்பது வெளியிலிருந்து வரும் உயிரிகளின் வேலை என்பதையும், அதைத் தடுக்க முடியும் என்பதையும் 1867-ல் எழுதி வெளியிட்ட பிறகே நவீன ரண சிகிச்சை பிறந்தது எனலாம். இன்று, கொதிநீராவியில் சுத்தி செய்த கருவிகளும், கையுறைகளும், முகமூடிகளும் வந்த பிறகும்கூட, காயத்துக்குள் கிருமி போவது முற்றிலும் நின்றுவிடவில்லை. ஏனெனில் அந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை நோயாளியின் சொந்த உடம்பிலேயே குடியிருப்பவை. தோலின் மேற்பரப்பை மருந்தால் துடைத்துவிடலாம். மயிர்க்கால்களின் ஆழத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாயிலும் ஒளிந்திருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் இனத்தை எந்தத் துடைப்பும் முழுமையாக நீக்குவதில்லை. கத்தி கீறிச் செல்லும்போது அவை வெட்டுவாயில் விழுகின்றன. குடலையோ கருப்பையையோ திறக்கும் ஆபரேஷனாயின் அங்கே வசிக்கும் கிருமிகளும் வந்து சேர்ந்துகொள்கின்றன. காயம் திறந்திருக்கும் அந்த ஒரு மணியோ இரண்டு மணியோதான் அவை நுழையும் காலம். கடைசித் தையல் போட்டு மூடிய பிறகு, வெட்டின் இரு ஓரங்களும் ரத்தத்தின் நார்ப்பசையால் ஒட்டிக்கொண்டு, ஓரிரு நாட்களுக்குள் புதுத்தோலும் படர்ந்துவிடுவதால், வெளியிலிருந்து உள்ளே போகும் வாசல் அடைபட்டுவிடுகிறது.

நுழைந்த கிருமிகள் எல்லாம் சீழை உண்டாக்குவதில்லை. உடம்பின் வெள்ளணுக்கள் அவற்றில் பெரும் பகுதியை விழுங்கித் தீர்க்கின்றன. எத்தனை கிருமிகள் இருந்தால் உடம்பு தோற்கும் என்பதை 1957-ல் லண்டனைச் சேர்ந்த எலெக், கோனென் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மனிதத் தோலிலேயே சோதித்துப் பார்த்தனர். ஆரோக்கியமான தோலுக்குள் ஸ்டஃபிலோகாக்கஸைச் செலுத்திச் சீழ் வரவழைப்பதற்குப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூலைக் கோத்துவிட்டாலோ, சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. அந்நியப் பொருள் ஒன்றின் மறைவில் ஒண்டிக்கொள்ளும் கிருமியை வெள்ளணுக்களால் எளிதில் அணுக முடிவதில்லை என்பதே இதன் பொருள். குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையும், முறிந்த எலும்புக்குப் பொருத்தும் தகடும், செயற்கை மூட்டும் ஏன் அதிக ஜாக்கிரதையைக் கோருகின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும்.

அப்படியானால், ஆன்டிபயாட்டிக் மருந்து வெள்ளணுக்களுக்குத் துணையாக நிற்க வேண்டிய காலம் எது? இதற்கு விடை கண்டவர் பாஸ்டன் நகரத்து ரண வைத்தியரான ஜான் பர்க். கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, சிலவற்றுக்கு அதற்கு முன்னரும், சிலவற்றுக்கு அதே சமயத்திலும், மற்றவற்றுக்கு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று தாமதித்தும் பென்சிலின் முதலிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, அவர் 1961-ல் வெளியிட்ட முடிவு மிகத் தெளிவானது. கிருமி வந்து சேரும்போதே மருந்து திசுவில் காத்திருந்தால், உயிருள்ள கிருமி செத்த கிருமியைப் போல் நடந்துகொள்கிறது. தாமதம் அதிகமாக அதிகமாக மருந்தின் பலன் குறைந்துகொண்டே போகிறது. மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் மருந்து கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றே. கிருமி திசுவில் ஊன்றிக்கொள்வதற்கும், அதைச் சுற்றி வீக்கம் எழுந்து ரத்த ஓட்டம் தடைபடுவதற்கும் அவ்வளவு நேரமே போதுமானது. அதன் பிறகு ரத்தத்தில் எவ்வளவு மருந்து ஓடினாலும் அது தேவைப்படும் இடத்தைச் சென்றடைவதில்லை.

விலங்குகளில் கண்ட இந்த உண்மை மனிதர்களிடத்திலும் உறுதிப்பட முப்பதாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,847 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து டேவிட் கிளாசன் குழுவினர் 1992-ல் வெளியிட்ட கட்டுரை, மருந்து கொடுக்கப்பட்ட நேரத்தை நான்கு வகையாகப் பிரித்தது. கீறலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் காயம் சீழ் பிடித்தது ஆயிரத்துக்கு 6 பேருக்கு. கீறிய மூன்று மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் 14 பேருக்கு. அதற்கும் பிந்திப் பெற்றவர்களில் 33 பேருக்கு. இரண்டு மணி நேரத்துக்கும் முந்தி, அதாவது அளவுக்கு மீறிய முன்ஜாக்கிரதையோடு பெற்றவர்களில் இந்த எண் 38. மருந்து மிகவும் முந்திக் கொடுக்கப்பட்டால், கத்தி வரும் வேளையில் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிட்டிருக்கும். ஆகவே முந்துவதும் பிந்துவதும் ஒரே தீங்கில்தான் முடிகின்றன. காலை ஆறு மணிக்கு வார்டிலேயே ஊசியைப் போட்டு நோயாளியைத் தயாராக்கிவிட்டு, ஆபரேஷன் தியேட்டரில் முந்தியவருடைய ஆபரேஷன் நீண்டுபோனதால் அவரைப் பன்னிரண்டு மணிக்கு மேஜையில் ஏற்றுவது, கூட்டம் மிகுந்த எந்த ஆஸ்பத்திரியிலும் நிகழக்கூடியதே; அப்போது சீட்டில் மருந்து கொடுத்ததாக எழுதியிருக்கும், திசுவிலோ மருந்து இராது. இதனால்தான் ஊசியை வார்டிலிருந்து தியேட்டருக்கு மாற்றி, மயக்க மருந்து நிபுணரின் பொறுப்பில் அதை விட வேண்டும் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் வற்புறுத்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கீறலுக்கு முந்திய 120 நிமிஷங்களை எல்லையாக வகுத்தது. சீக்கிரம் வெளியேறிவிடும் மருந்துகளுக்கு 60 நிமிஷம் என்பதே பெரும்பாலோர் பின்பற்றும் நியதி. சிசேரியன் பிரசவத்தில், குழந்தைக்கு மருந்து போய்ச் சேரக்கூடாது என்று கருதி, தொப்புள்கொடியைக் கட்டிய பிறகே ஊசி போடும் வழக்கம் முன்பு இருந்தது. ஆராய்ச்சிகள் குழந்தைக்குத் தீங்கு காணாமையாலும், தாய்க்கு நன்மை கண்டமையாலும், அங்கும் கீறலுக்கு முன்பே என்ற விதி நிலைபெற்றுவிட்டது.

எந்த மருந்து என்பது அடுத்த கேள்வி. இத்தாலியின் சார்டினியாத் தீவில் காக்லியாரி நகரத்துக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே புரோட்சு என்ற பேராசிரியர் 1945-ல் பிரித்தெடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து பிறந்த செஃபலோஸ்போரின் என்னும் குடும்பத்தில், முதல் தலைமுறையைச் சேர்ந்த செஃபசோலின் இந்தப் பணிக்கென்றே அமைந்தது போன்ற குணங்களை உடையது. தோலில் வசிக்கும் ஸ்டஃபிலோகாக்கஸை அது நன்றாகக் கொல்கிறது, சில நிமிஷங்களிலேயே திசுவில் பரவுகிறது, விலையும் அதிகமில்லை. வயது வந்தவருக்கு 2 கிராம் என்பது வழக்கமான அளவு. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறைந்துவிடுவதால், ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலும், ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலும், தியேட்டரிலேயே இன்னொரு முறை கொடுக்க வேண்டும். இவ்வளவு எளிய மருந்து கையில் இருக்க, மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த செஃப்ட்ரியாக்ஸோனை எல்லா ஆபரேஷனுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் தேசத்தில் பரவலாக வேரூன்றியிருக்கிறது. அது புதியது, ஆகவே பலமானது என்ற நம்பிக்கை இதற்கு ஆதாரம். தோல் ஸ்டஃபிலோகாக்கஸின் விஷயத்தில் செஃபசோலினே அதைவிட வீரியமானது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாட்டிக்குகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளத்தக்கவை, கண்காணிப்போடு கொடுக்கத்தக்கவை, கடைசிப் புகலிடமாகக் காப்பாற்றி வைக்கத்தக்கவை என்று மூன்றாக வகுத்தபோது, செஃபசோலினை முதல் வகுப்பிலும் செஃப்ட்ரியாக்ஸோனை இரண்டாவதிலும் வைத்ததற்குத் தக்க முகாந்தரம் இருக்கிறது.

எல்லா ஆபரேஷனும் ஒரே தன்மையுடையதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தைராய்டு சுரப்பியை எடுப்பது போன்ற சுத்தமான ஆபரேஷன்களில், குடலோ மூச்சுக்குழலோ திறக்கப்படாமலும் அந்நியப் பொருள் வைக்கப்படாமலும் இருந்தால், பெரும்பாலும் அந்த ஓர் ஊசியும் வேண்டியதில்லை. குடலையோ கருப்பையையோ திறக்கும் ஆபரேஷன்களுக்கும், வலையோ தகடோ வைக்கும் ஆபரேஷன்களுக்கும் ஓர் ஊசி அவசியம். குடல்வால் வெடித்து வயிறு முழுவதும் சீழ் பரவிய நிலையில் வருகிறவருடைய விஷயமோ முற்றிலும் வேறு. அங்கே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வரக்கூடிய நோயைத் தடுப்பதற்காக அன்று, வந்துவிட்ட நோய்க்குச் சிகிச்சையாக. அந்தச் சிகிச்சைக்கும்கூட முடிவு உண்டு: வயிற்றுக்குள்ளிருந்த சீழின் மூலத்தை ஆபரேஷனால் நீக்கிய பிறகு, ஏறக்குறைய நான்கு நாள் மருந்தும், அறிகுறிகள் தீரும் வரை தொடர்ந்து ஏறக்குறைய எட்டு நாள் வரை நீண்ட மருந்தும் ஒரே பலனையே தந்தன என்பதை 518 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2015-ல் நிரூபித்தது. தடுப்பையும் சிகிச்சையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இத்துறையில் நிகழும் பிழைகள் பலவற்றுக்கும் தாய்.

சரியான மருந்தைச் சரியான தருணத்தில் ஒரே முறை கொடுப்பதன் மகிமைக்கு, போடிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலமாகவே அறிந்திருக்கக்கூடிய ஓர் உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-ல் தேனியில் தன் கிளையைத் திறந்தது; மலையிலும் அடிவாரத்திலும் கண்புரையால் பார்வை மங்கிய எத்தனையோ பேருக்கு அது வெளிச்சம் கொடுத்திருக்கிறது. கண்புரை ஆபரேஷனில் அஞ்சத்தக்க விபத்து, கண்ணின் உட்புறம் சீழ் பிடித்தல். அது அபூர்வமானதே என்றாலும், வந்துவிட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. ஆபரேஷன் முடியும் தறுவாயில் மாக்சிஃப்ளாக்சசின் என்னும் மருந்தில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த அளவைக் கண்ணின் முன்னறைக்குள்ளேயே செலுத்திவிடும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் கைக்கொண்டன. அவற்றின் பத்து நிலையங்களில் செய்யப்பட்ட ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை ஒப்பிட்டு, டாக்டர் ஹரிப்ரியா அரவிந்தும் அவருடைய சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்த மருந்தைப் பெறாத கண்களில் பதினாயிரத்துக்கு ஏறக்குறைய 7 என்றிருந்த இந்த விபத்து, பெற்ற கண்களில் 2 ஆகக் குறைந்திருந்ததைக் காட்டிற்று. வயிற்று ஆபரேஷனில் கீறலுக்கு முன்னரும், கண்ணில் ஆபரேஷனின் இறுதியிலும் கொடுக்கிறார்களே, இது முரண்பாடன்றோ என்று வாசகர் கேட்கலாம். ரத்தத்தின் வழியாகப் போகும் மருந்து கண்ணின் உட்புறத்தை எளிதில் எட்டுவதில்லை. கண்ணுக்குள்ளேயே முதலில் செலுத்தினாலோ, ஆபரேஷனின்போது ஓடும் நீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இரண்டு இடங்களிலும் நியதி ஒன்றே: கிருமி வந்து சேர்ந்த இடத்தில், அது வேரூன்றுவதற்கு முன், போதுமான அளவில் மருந்து இருக்க வேண்டும்.

இனி, 'தேவையில்லாவிட்டாலும் கூடுதலாகக் கொடுப்பதில் தீங்கு என்ன' என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்ட ஏறக்குறைய 79,000 பேரைப் பற்றி 2019-ல் வெளியான ஆராய்ச்சி, தடுப்பு மருந்தை ஒரு நாளுக்கு மேல் நீட்டியதால் காயம் சீழ் பிடிப்பது குறையவில்லை என்பதையும், நீட்ட நீட்டச் சிறுநீரகக் கேடும், குடலில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமியால் உண்டாகும் கடும் பேதியும் அதிகப்பட்டன என்பதையும் கண்டது. நோயாளி ஒருவருக்கு நேரும் இந்தத் தீங்கோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஏலத்தோட்டத்தில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் நாள்காட்டியைப் பார்த்தே மருந்தடித்து வந்தால், அந்தப் பூச்சியைத் தின்று வாழும் நல்ல பூச்சிகள் முதலில் மடிந்து, மருந்துக்குப் பழகிய பூச்சிகள் மட்டுமே எஞ்சிப் பெருகி, அடுத்த பருவத்தில் இன்னும் கடுமையான மருந்தைத் தேட வேண்டிவருவதைப் போடியில் அறியாதவர் இரார். குடலிலும் தோலிலும் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களிடையே ஏழு நாள் மாத்திரை செய்வதும் அதுவே. காயத்தில் கொல்ல வேண்டிய கிருமி எதுவும் மிஞ்சியிராத வேளையில், அது சாதுவான கிருமிகளைக் கொன்று, எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றுக்கு இடத்தைக் காலி செய்துகொடுக்கிறது. அவை அந்த நோயாளியோடு வீட்டுக்குப் போகின்றன. குழந்தைகளுக்கும் அடுத்த வீட்டாருக்கும் பரவுகின்றன. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருகின்றன.

இது வெறும் அனுமானமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-ல் லான்செட் குழுமத்தின் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரை, கார்பாபெனம் என்னும் உயர்ந்த வகை மருந்துகளையும் சிதைத்துவிடும் என்.டி.எம்-1 என்ற நொதியைத் தாங்கிய கிருமிகள் சென்னை, ஹரியானா முதலிய இடங்களின் நோயாளிகளிடத்தில் இருப்பதை உலகுக்கு அறிவித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2012 ஆகஸ்டில், மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக்குகளைக் காப்பாற்றுவதற்கு நடைமுறைக்கேற்ற திட்டம் ஒன்றை வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அது பெயர்பெற்றது. மத்திய அரசாங்கம் 2014 மார்ச் முதல் எச்-1 என்ற அட்டவணையை அமலுக்குக் கொண்டுவந்து, முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்பதற்கும், கணக்கில் எழுதாமல் விற்பதற்கும் தடை விதித்தது. மலையின் மறுபுறமுள்ள கேரளம் 2018-ல் தனக்கென ஒரு செயல்திட்டத்தை வகுத்துக்கொண்டது. போடித் தொழிலாளர்கள் மருந்து வாங்குவது இரு புறமும் உள்ள கடைகளிலாதலால், இரண்டு மாநிலங்களின் முயற்சியும் அவர்களைப் பொறுத்தவரையில் ஒரே முயற்சியின் இரு பாதிகள். இவ்வளவுக்குப் பிறகும், தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-22-ல் இருபது பெரிய மருத்துவமனைகளில் நடத்திய கணக்கெடுப்பில், உள்நோயாளிகளில் நூற்றுக்கு 71.9 பேர் ஆன்டிபயாட்டிக் பெற்றுக்கொண்டிருந்தனர். அவ்வாறு கொடுக்கப்பட்டதில் 55 சதவீதம், நோய்க்குச் சிகிச்சையாகவன்றித் தடுப்புக்காகவே கொடுக்கப்பட்டது. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்ற மதிப்பீட்டை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது, தடுப்பு என்ற பெயரால் கொடுக்கப்படும் மருந்தைச் சீர்படுத்துவது எவ்வளவு அவசரமான காரியம் என்பது புலனாகும்.

மலைக்குத் திரும்பும் நோயாளியின் விஷயத்தில் வைத்தியருக்கு உண்டாகும் அச்சத்துக்கு, அப்படியானால், பரிகாரம் என்ன? காயத்தைக் காக்கும் பல வழிகளில் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்று, அவ்வளவே. மற்றவை பலவும் மருந்தில்லாத எளிய காரியங்கள். ஆபரேஷனுக்கு முன் நோயாளி சோப்புப் போட்டுக் குளித்திருக்க வேண்டும். சவரக்கத்தியால் மழிப்பது தோலில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கிக் கிருமிகளை வளர்ப்பதால், மயிரை நீக்கியே ஆக வேண்டுமாயின் கிளிப்பரால் கத்தரிப்பதோடு நிறுத்த வேண்டும். சர்க்கரை நோயாளியின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவரின் உடம்பு குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரிடம் நடத்தி 1996-ல் வெளியிட்ட பரிசோதனையில், குளிர விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும், கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 பேருக்குமே காயம் சீழ் பிடித்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றிக்கொள்வது என்ற ஒரே மாற்றத்தினால் சீழ் பிடிப்பது நூற்றுக்கு 18.9-லிருந்து 16 ஆகக் குறைந்ததை எடுத்துக்காட்டிற்று. தியேட்டரில் கீறலுக்கு முன் அனைவரும் ஒரு கணம் நின்று, நோயாளி யார், ஆபரேஷன் எது, ஊசி போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் பத்தொன்பது அம்சப் பட்டியலை, புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் பரீட்சித்தபோது, காயம் சீழ் பிடிப்பது நூற்றுக்கு 6.2-லிருந்து 3.4 ஆக இறங்கியதென்று 2009-ல் வெளியிட்டனர். இவற்றில் எதற்கும் அரிய நிபுணரோ அதிகப் பணமோ தேவையில்லை. ஒழுங்கும், யார் செய்வது என்ற பொறுப்பும் தேவை.

இவையெல்லாம் ஆஸ்பத்திரியின் பங்கு. நோயாளி மலையேறிய பிறகு அவரைக் காப்பது, அவர் கையோடு கொண்டுபோகும் அறிவும், கீழேயிருந்து அவரை விசாரிக்கும் குரலும். ஆபரேஷன் காயம் சீழ் பிடிப்பதாயின் அது பெரும்பாலும் முப்பது நாட்களுக்குள் வெளிப்படுகிறது. நாலைந்து நாள் கழித்து வலி குறைவதற்குப் பதிலாக அதிகமாவதும், காயத்தைச் சுற்றிச் சிவப்புப் படர்வதும், கலங்கிய நீரோ சீழோ கசிவதும், காய்ச்சல் வருவதும் அதன் அடையாளங்கள். இவற்றை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி, எழுத்தறியாதவருக்கு வாயால் இரண்டு முறை சொல்லி, கூட வந்தவரையும் கேட்க வைத்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண்ணையும் கொடுத்து அனுப்பினால், அது ஒரு வாரத்து மாத்திரையைக் காட்டிலும் உறுதியான காவல். கிராம சுகாதார செவிலியரோ, ஆரம்ப சுகாதார நிலையத்தாரோ, ஆஸ்பத்திரி நர்ஸோ ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும் 'காயம் எப்படி இருக்கிறதம்மா, தண்ணி எதுவும் வடியுதா' என்று கூப்பிட்டு விசாரித்தால் அதைவிடச் சிறப்பு. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவரோ, காயம் சிவக்கத் தொடங்கிய பிறகும், மாத்திரைதான் இருக்கிறதே என்ற பொய்த் தைரியத்தில் இறங்கி வராமல் தாமதிக்கிறார். உள்ளே கட்டிக்கொண்ட சீழுக்குத் தேவையானது தையலைப் பிரித்து அதை வெளியேற்றுவதாதலால், அந்தத் தாமதமே அவருக்குப் பெருந்தீங்காக முடிகிறது. தூரத்தைக் காரணமாகக் காட்டி நீட்டப்படும் மருந்து, தூரத்தினால் உண்டாகும் அபாயத்தை அதிகப்படுத்தவே செய்கிறது.

ஜனங்களின் மனப்பான்மையும் மாற வேண்டியிருக்கிறது. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வலி மாத்திரையோடு அனுப்பப்படுகிறவர், அரசு ஆஸ்பத்திரியில் தம்மைக் குறைவாக நடத்திவிட்டார்கள் என்று எண்ணக்கூடும். தனியார் ஆஸ்பத்திரியில் பை நிறைய மருந்து கொடுத்தார்களே என்று ஒப்பிடக்கூடும். கொடுக்காததற்குக் காரணத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை வைத்தியருக்கு உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஆபரேஷனுக்கு முன் நோயாளியோ உறவினரோ கேட்கத்தக்கது, எத்தனை நாள் மாத்திரை தருவீர்கள் என்பதன்று. கத்தி வைப்பதற்கு முன் கிருமிக்கான ஊசி எப்போது போடுவீர்கள் என்பதே. ஆபரேஷனுக்குப் பின் மாத்திரை எழுதப்பட்டால், எனக்குக் கிருமி நோய் இருக்கிறதா, இருந்தால் எந்த இடத்தில், எத்தனை நாளில் நிறுத்துவது என்றும் மரியாதையோடு கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டு வருத்தப்படும் வைத்தியர் நல்ல வைத்தியராக இருக்க மாட்டார்.

நிர்வாகத்தின் கையிலும் பெரும் சக்தி இருக்கிறது. அத்தியாவசிய மருந்துகளை மாநிலம் முழுவதுக்கும் ஒரே இடத்திலிருந்து வாங்கி வழங்குவதற்கென 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவி, மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய நாடு இது. எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியின் அலமாரிக்கு வந்து சேரும் என்பதைத் திட்டமிடத் தெரிந்த அதே நிர்வாகத்தால், செஃபசோலின் ஒவ்வோர் ஆபரேஷன் தியேட்டரிலும் தட்டாமல் இருப்பதையும், அது கீறலுக்கு முன் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பது ஒவ்வொரு நோயாளியின் குறிப்பிலும் பதிவாவதையும், எத்தனை காயங்கள் முப்பது நாளுக்குள் சீழ் பிடித்தன என்பது மாதந்தோறும் எண்ணப்படுவதையும் கட்டாயம் ஏற்படுத்த முடியும். எண்ணப்படாத காயத்தைப் பற்றி வைத்தியருக்கு அச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. அச்சம் மாத்திரைச் சீட்டாக மாறுகிறது. தன் ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியோடு அனுப்பப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்பதைக் கணக்கால் அறிந்துகொண்ட வைத்தியருக்கு மட்டுமே, மலைக்குப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பும் மனத்திடம் வரும்.

ஆன்டிபயாட்டிக் என்பது ஒருவர் சாப்பிட்டால் மற்றவருக்கும் குறைந்துபோகும் மருந்து. இன்றைக்கு ஏலத்தோட்டத்திலிருந்து வரும் தாய்க்கு அநாவசியமாகக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும், நாளைக்கு அதே தோட்டத்திலிருந்து ரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் வரப்போகும் அவளுடைய குழந்தைக்கு வேலை செய்ய வேண்டிய மருந்தின் வீரியத்திலிருந்து கழிக்கப்படுகிறது. ஆகவே, கத்திக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியதைத் தவறாமல் கொடுப்பதும், கடைசித் தையலோடு அதை நிறுத்துவதும், நிறுத்திய பின் நோயாளியைக் கைவிடாமல் விசாரிப்பதும் ஆகிய மூன்றும் ஒரே கடமையின் பகுதிகள். இவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் செய்தோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்தியடைய இடமில்லை.